டேட்டம் எழுதாத படத்தில் என் கையெழுத்து இருக்காது

சர்வே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். "அனுசரிச்சுப் போறதைப் பத்தி எழுதுங்க மேடம், இந்தக் காலத்துப் பசங்களுக்கு அதுதான் வரமாட்டேங்குது" என்று விஷயத்தையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. சர்வே வேலையில் நாம் ஒருவருக்கு அனுசரித்துப் போனால் வேறொருவர் வீட்டுச் சுவர் இடியும். ஆகவே அனுசரிக்காத கதை ஒன்றை எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகக் குப்பையில் போடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை.

நான் ஜமீலா. ஊர் முத்துப்பேட்டை. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு தனியார் சர்வே ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். எங்கள் தெருவில் மீசை முளைத்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரரும் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். "புருசன் வெளிநாட்டுல, இவளுக்கு எதுக்கு வேலை?" என்று உறவுக்குள் ஒரே முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும் என்று உம்மாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் வாடகை வீடு பிடித்தேன். டெலிபோன் மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

ஆபீஸ் முதலாளியை எல்லோரும் சார் என்றே கூப்பிடுவோம். அவரும் வளைகுடாவில் பல வருடம் சர்வேயராக இருந்து திரும்பியவர். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஒரே ஒரு வியாதி: எதற்கெடுத்தாலும் "அங்கல்லாம்" என்று ஆரம்பிப்பார். அங்கல்லாம் பென்சிலை இப்படிச் சீவ மாட்டாங்க. அங்கல்லாம் டீயில இவ்வளவு சர்க்கரை போட மாட்டாங்க. அந்தக் காலத்தில் அங்கிருந்து திரும்பும் சர்வேயர்களின் பெட்டியில் சென்ட் பாட்டிலோடும் கம்பளியோடும் ஒரு ஃப்ளாப்பியும் இருக்கும். அதில் அவர்கள் அங்கே பயன்படுத்திய டெம்ப்ளேட் இருக்கும். எழுத்தின் அளவு, கோட்டின் நிறம், மூலையில் வடக்கு காட்டும் அம்பு, சுற்றிலும் பார்டர் எல்லாம் தயாராக இருக்கும் காலிப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வேலை வந்தால் அதைத் திறந்து எண்களை உள்ளே இறக்கினால் போதும். எங்கள் சாரின் டெம்ப்ளேட் பார்க்க அத்தனை அழகாக இருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பாதி ஆபீஸ்கள் அவரிடம் காப்பி வாங்கிப் போயிருந்தன.

இப்போது டேட்டத்துக்கு வருவோம். படிப்பில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். "இந்தத் தெருவுல ஆறாவது வீடு" என்று ஒருவர் விலாசம் சொல்கிறார். எந்த முனையிலிருந்து எண்ணி ஆறாவது? அதைச் சொல்லாவிட்டால் எண் சரியாக இருந்தும் நீங்கள் வேறொருவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவீர்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் அப்படித்தான். நம் பழைய அரசாங்க வரைபடம் எண்ணுவது ஒரு விதம், வளைகுடா நாட்டுப் பழைய வரைபடங்கள் எண்ணுவது வேறு விதம், சாட்டிலைட் கருவி எண்ணுவது இன்னொரு விதம். எங்கிருந்து எப்படி எண்ணினோம் என்பதற்குப் பெயர்தான் டேட்டம். எண்களை உள்ளே இறக்கும்போது சாஃப்ட்வேர் அதைத்தான் முதலில் கேட்கும். ஆனால் டெம்ப்ளேட்டில் பதில் ஏற்கெனவே நிரப்பியிருந்தால் கேட்காது. வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுத்துவிடும்.

பல வருடம் இதனால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. மனைப்பிரிவு, ரைஸ் மில், கல்யாண மண்டபம் என்று எங்கள் வேலையெல்லாம் ஒரு மூலையில் ஆணி அடித்து, அதையே ஆரம்பமாக வைத்துக்கொண்டு அளப்பது. உலகத்தில் அந்த ஆணி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பிறகு வெளியூர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக டெல்டாவுக்குள் நுழைந்தன. டவர் நட ஒரு கம்பெனி, கேபிள் புதைக்க ஒரு கம்பெனி. அப்படி வந்த ஒன்றுதான் எரிவாயுக் குழாய் பதிக்கும் கம்பெனி. மன்னார்குடிக்குத் தெற்கே, வடக்கிலிருந்து தெற்காக ஒரு நீண்ட கோடு. பழைய அரசாங்க வரைபடத்திலிருந்து அவர்கள் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளை ஃப்ளாப்பியில் கொடுத்தார்கள். அவற்றைச் சாட்டிலைட் கருவிக்கு ஏற்ற எண்களாக மாற்றி, நிலத்தில் குச்சி அடித்து, படம் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை வைத்துத்தான் கோட்டின் இருபுறமும் நிலம் எடுப்பார்கள்.

ஃப்ளாப்பி வந்தபோது நான் பெருநாள் விடுப்பில் முத்துப்பேட்டை போயிருந்தேன். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தியதால் சார் தானே உட்கார்ந்து எண்களை இறக்கிவிட்டார். நான் திரும்பி வந்தபோது படம் சுவரில் தொங்கியது. எங்கள் ஃபீல்டு சர்வேயர் செல்வராஜ் வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் கருவியோடு போய்க் குச்சியும் அடித்து முடித்திருந்தான்.

நான் வந்து சேர்ந்த காலையிலேயே ஆபீஸ் படியில் திபுதிபுவென்று சத்தம். ஒரு பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் சாக்கில் சுற்றிய கட்டு. யாரையும் கேட்காமல் அதை என் மேஜை மேல் கொட்டினார். சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சிகள். அடியில் இன்னும் சேறு இருந்தது.

"இந்தாங்க, உங்க சாமான். எங்க தெருவுல விட்டுட்டு வந்துட்டீங்க."

அவர் பெயர் பாக்கியம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஊரின் காலனித் தெருவில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில் இருக்கிறார். எங்கள் குச்சி ஒன்று அவர் வீட்டுச் சமையல் சுவரை ஒட்டியே அடித்திருந்தது. அடுத்தது எதிர்வீட்டு வாசலில். கோடு தெருவின் நடுவே போகிறது, எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று கம்பெனி ஆள் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சார் எழுந்து வந்தார். "இதப் புடுங்குறது குத்தம், தெரியுமாம்மா? போலீஸ் கேஸாயிடும்."

"ஆகட்டும். கூப்புடுங்க போலீஸ. என் வீட்டுக்குள்ள குச்சி அடிச்சவன் யாருன்னு அவுங்க முன்னாடியே கேக்குறேன். பட்டா என் பேர்ல இருக்கு. கூலிக்குப் போயிப் போயி வாங்குன கதவு, ஜன்னலு. நீங்க பெயின்ட் அடிச்சா போயிடுமா?"

"நாங்க அளக்குறவங்கதாம்மா. கோடு போட்டது கம்பெனி."

"குச்சி யாரு அடிச்சா?"

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க" என்றேன். "தண்ணி குடிக்க வரல" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். பதில் தெரியாமல் நகர மாட்டேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாவம்தான். ஒண்ணு பண்ணு ஜமீலா. அந்தத் தெரு வர்ற இடத்துல மட்டும் கோட்டைக் கொஞ்சம் மூவ் பண்ணி பக்கத்து வயல்ல போட்டுடு. கம்பெனிக்கு நான் சொல்லிக்கிறேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். சாருடைய மனசு நல்ல மனசுதான். அவர் சொன்னபடி செய்திருந்தால் அன்றைக்கே பாக்கியம் சந்தோஷமாகப் போயிருப்பார், எனக்கும் நல்ல பெயர். ஆனால் ஏன் தப்பானது என்று தெரியாமல் இழுத்துப் பொருத்துவது திருத்தம் ஆகாது, அது மூடி மறைப்பது. இங்கே மட்டும் இழுத்துவிட்டால் அடுத்த ஊரில் யார் கூரை மேல் அது கிடக்கிறதோ? அந்த ஊரில் குச்சியைப் பிடுங்கி பஸ் ஏறி வர ஒரு பாக்கியம் இல்லாமல் இருந்தால்? மூவ் கட்டளை சாஃப்ட்வேரில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதைக் கொண்டே தீர்க்கப் பார்க்காதீர்கள். மலைப்பிரதேசம் என்றால் கோடு தள்ளிப் போனால் பாறை காட்டிக் கொடுத்துவிடும். நம் ஊரில் என்ன இருக்கிறது? வயல், வரப்பு, வாய்க்கால், மறுபடி வயல். எங்கே தள்ளிப் போட்டாலும் படம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

"மூவ் பண்ண மாட்டேன் சார். எனக்கு இன்னிக்கு ஒரு நாள் குடுங்க" என்றேன்.

"அங்கல்லாம் சொன்னா செய்வாங்க" என்று சார் முணுமுணுத்தார்.

"அங்க இருக்குறவுங்களக் கூப்புட்டுச் செஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு என் சீட்டில் போய் உட்கார்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை இன்றுவரை குறைத்துக்கொள்ளவில்லை.

கம்பெனி கொடுத்த பட்டியலில் சில புள்ளிகளுக்குப் பெயர் இருந்தது. ஒரு பாசன மதகு, ஒரு ரயில்வே கேட், ஒரு மாதா கோயில் மணிக்கூண்டு. பழைய வரைபடத்தில் இருந்த அடையாளங்கள், நிலத்திலும் இன்றைக்கு வரை அசையாமல் இருப்பவை. செல்வராஜைக் கூப்பிட்டேன்.

"கருவிய எடுத்துக்கிட்டுப் போயி மதகு மேலயே நில்லு. அப்புறம் கேட்டு, அப்புறம் மாதா கோயில். என்ன எண் காட்டுதோ அத அப்படியே போன்ல சொல்லு. படத்தப் பாக்காத, நம்ம எண்ணையும் பாக்காத."

"என் மேல சந்தேகமாக்கா?"

"உன் மேல இல்லடா தம்பி, நான் யாரு மேலயும் சந்தேகப்படல. எல்லாத்து மேலயும் சந்தேகப்படுறேன். கெளம்பு."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பாக்கியம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானம் என் சாப்பாட்டைப் பாதி பங்கு போட்டேன், சாப்பிட்டார். வீடு எப்படிக் கட்டினார்கள் என்று நான் கேட்காமலே சொன்னார். தளம் போட்ட அன்று மழை வந்ததாம். தெருவே சேர்ந்து தார்ப்பாயும் சாக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். "அந்தத் தளத்தத்தான் இடிக்கணுங்குறாங்க" என்றபோது மட்டும் குரல் உடைந்தது.

சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து செல்வராஜ் எண்களைச் சொல்லச் சொல்லப் படத்தில் குறித்தேன். மதகு எங்கள் படத்தில் இருந்த மதகுக்கு மேற்கே முந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தது. கேட்டும் அதே அளவு, அதே திசை. மணிக்கூண்டும் அப்படியே. ஓர் இடத்தில் மட்டும் தப்பு என்றால் கைத்தப்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஒரே பக்கமாகத் தப்பு என்றால் வேறு எங்கும் தேடாதீர்கள், நேராக டேட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

போய்ப் பார்த்தேன். டெம்ப்ளேட்டின் செட்டிங் பக்கத்தில் முதல் வரி ஜோன், அதாவது பூமியில் எந்தப் பட்டைக்குள் நாம் இருக்கிறோம் என்பது. அதை சார் நம் ஊருக்கு மாற்றியிருந்தார். மாற்றாவிட்டால் மன்னார்குடி பாரசீக வளைகுடாவில் போய் நிற்கும், யாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வரி டேட்டம். அதில் அவர் வேலை பார்த்த வளைகுடா நாட்டின் டேட்டம் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. நம் மதகையும் வாய்க்காலையும் அந்தப் பாலைவனக் கணக்கில் எண்ணி, மொத்தக் கோட்டையும் கிழக்கே தூக்கிப் போட்டிருக்கிறது. பெரிய தப்பு சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். ஆளை முழுங்குவது இந்த மாதிரி நம்பும்படியான சின்னத் தப்புதான்.

"சார், இங்க வாங்க" என்றேன். வந்து பார்த்தார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிவிட்டது.

"அடக் கடவுளே" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இத வெளிய விடாத. எத்தன பேருக்கு இதக் காப்பி பண்ணிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஊரே சிரிக்கும்" என்றார்.

"சிரிச்சா சிரிக்கட்டும் சார். வீடு இடிஞ்சா சிரிக்க முடியாது."

டேட்டத்தைச் சரிசெய்து எண்களை மறுபடி இறக்கினேன். மதகு மதகில் உட்கார்ந்தது, கேட் கேட்டில் உட்கார்ந்தது. கோடு காலனித் தெருவை விட்டு மேற்கே போய்விட்டது. பாக்கியத்திடம் சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றார். "நாளைக்குக் கம்பெனி இன்ஜினியர் வர்றாரு. அவர்ட்ட பேசிட்டு, படமாவே தர்றேங்கக்கா" என்றேன். "நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் வந்த இன்ஜினியர் இளைஞர், மரியாதையானவர், வெளியூர்க்காரர். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்ஜினியர் கோபப்படவில்லை. புதிய கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். காலனித் தெருவுக்கு நேர் மேற்கே வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன இடம்?"

"தென்னந்தோப்பு சார்" என்றான் செல்வராஜ். "மிராசுதார் தோப்பு. போர்செட்டு, கெஸ்ட் ஹவுஸு எல்லாம் உள்ள இருக்கு."

இன்ஜினியர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். டெல்டாவில் அந்தக் குடும்பத்தைக் கேள்விப்படாதவர் யார்? நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ப்ராக்டிகலா பாருங்க" என்றார். "குச்சி அடிச்சாச்சு. பழைய படம் எங்க ஹெட் ஆபீஸுக்கும் போயாச்சு. கவர்மென்டுக்குப் போற படத்தத்தான் இனிமே குடுக்கணும். காலனி வீடுன்னா நஷ்டஈடு, மாத்து இடம்னு பேசி முடிச்சிடலாம். தோப்புன்னா கோர்ட்டு, ஸ்டேன்னு வருஷக்கணக்கா இழுப்பாங்க. போட்ட கோடு போட்டபடியே இருக்கட்டுமே."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "தப்புன்னு தெரிஞ்ச பெறகுமா?"

"தப்புன்னு யாருக்குத் தெரியும்? இங்க இருக்குற நாலு பேருக்குத்தானே?"

சாருக்கு அந்த வேலை வேண்டும். அதை நம்பித்தான் பெரிய தாளில் படம் அச்சடிக்கும் புதிய பிளாட்டர் மிஷினுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். "ஜமீலா, அவரு சொல்றதையும் கொஞ்சம் யோசிம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. கண்டிப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். டேட்டத்தில் தப்பு வருவது பெரிய விஷயமே இல்லை. எனக்கும் வரும், உங்களுக்கும் வரும். கண்டுபிடித்தால் அரைமணி நேர வேலை. கண்டுபிடித்த பிறகு அந்தத் தப்பு யாருக்கோ சௌகரியமாக இருக்கிறது என்று தெரிகிறதே, அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் உங்களை மிரட்ட மாட்டார்கள். காபி வாங்கிக் கொடுப்பார்கள், மேடம் என்பார்கள், ப்ராக்டிகல் என்பார்கள்.

எந்தப் படத்துக்கும் கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. எந்த டேட்டத்தில் போட்டது என்று அதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நிலம் எடுக்கும் அரசாங்க ஆபீஸில் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதிப் பேர் அதைச் சடங்காக நிரப்புவார்கள். எனக்கு அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது.

"சரி சார், பழைய கோட்டையே பிரின்ட் எடுத்துத் தர்றேன்" என்றேன். சார் பெருமூச்சு விட்டார். இன்ஜினியர் சிரித்தார்.

பழைய படத்தைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் அடித்தேன்: "இந்தக் கோடு வளைகுடா நாட்டு டேட்டத்தில் தவறாக மாற்றப்பட்டது. நிலத்தில் உண்மையான இடத்திலிருந்து கிழக்கே முந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல் விலகியுள்ளது. தெரிந்தே அச்சிடப்பட்டது." தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை. கீழே 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர். பிளாட்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. எடுத்து மேஜை மேல் விரித்து, பேனாவைத் திறந்து கையெழுத்தும் போட்டேன்.

"இந்தாங்க சார். நீங்க கேட்ட படம்."

இன்ஜினியர் படித்தார். சிரிப்பு போய்விட்டது. "என்ன மேடம் விளையாட்டு இது? இந்தக் குறிப்ப எடுங்க."

"எடுத்தா காலியா இருக்கும், ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. சரியான டேட்டம்னு போட்டா பொய்யாயிடும், என் கையெழுத்து வராது. உண்மையப் போட்டா இதுதான். மூணுல உங்களுக்கு எது வேணும்?"

"வேற ஆள வச்சுப் போட்டுக்குவோம்."

"தாராளமா போட்டுக்கங்க. நிலம் எடுக்குறதுக்கு முன்னாடி ஆட்சேபணை விசாரணை வைப்பாங்கள்ல? காலனித் தெரு ஆளுங்க என்னைக் கூப்புடுவாங்க. நான் வருவேன். கருவியையும் தூக்கிக்கிட்டு வருவேன். அதிகாரிய மதகு மேல நிக்க வச்சு எண்ணப் படிக்கச் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பாக்கியம் படியில் உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்கக்கா, உங்க வீட்டைப் பத்தித்தான் பேசுறோம்" என்றேன். அவர் உள்ளே வந்து, மேஜையில் விரித்திருந்த படத்தின் மேல் குனிந்து, தமிழில் இருந்த குறிப்பை வாய்விட்டு, எழுத்துக்கூட்டி, முழுதாகப் படித்தார். இன்ஜினியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேவா?" என்று பாக்கியம் கேட்டார்.

இன்ஜினியர் அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். "கரெக்டான படத்தையே குடுங்க" என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். சரியான படத்தில் சார் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

நியாயம் ஜெயித்தது என்று கைதட்டிவிடாதீர்கள். அந்தக் கம்பெனி அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு வேலையும் தரவில்லை. புதிய பிளாட்டர் ஆர்டரை சார் ரத்து செய்தார். ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அது மட்டுமா, டெம்ப்ளேட் காப்பி வாங்கிய ஆபீஸ்களுக்கெல்லாம் நானே போன் போட்டு, "இரண்டாவது வரியப் பாருங்க" என்று சொன்னேன். திருச்சி பக்கம் ஒருத்தர் மட்டும் பதறிப் போய் நன்றி சொன்னார். மற்றவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அந்தப் பட்டம் எனக்கு நன்றாகவே பொருந்தியது. தோப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கம்பெனி கோட்டைத் தோப்பை ஒட்டி வளைத்து வாய்க்கால் கரையோரமாகக் கொண்டுபோய்விட்டது. காலனித் தெருவுக்கு வளையவே வளையாத கோடு, தோப்பு என்றதும் அழகாக வளைந்துகொடுத்தது.

மறுபடி குச்சி அடித்த அன்றைக்கு நானும் செல்வராஜோடு போனேன். ஆபீஸில் உட்கார்ந்து படம் போடுகிற பெண் ஃபீல்டுக்கு வருவது வழக்கம் இல்லை. வழக்கம் இல்லை என்று சொன்னவர்களிடம், இனிமேல் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனேன். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை. வேலை முடிந்ததும் வரப்பு வழியாகக் காலனித் தெருவுக்கு நடந்தேன். பாக்கியம் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"இனிமே பயமில்லக்கா. கோடு அந்தப் பக்கம் போயிடுச்சு. மிஷின்ல இருந்த தப்பு, சரி பண்ணியாச்சு" என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் விறகைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மிஷின் மேல ஏம்மா பழியப் போடுறீங்க? அதுக்கு என்ன தெரியும்? தப்புன்னு தெரிஞ்சும் எங்க வீடுன்னா பரவால்லன்னு சொன்னது மிஷினா?"

நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். அந்த வாசலில் குனிந்து, சிதறிக் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் விறகை அள்ளிக்கொண்டு, "வாங்க, வந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அந்தச் சமையல் சுவர் ஓரத்து அடுப்பில் உலை வைத்தார்.